தாளிக்காத குழம்பு

"கனடாவுல கடுகுக்கு எதுவும் தட்டுப்பாடாண்ணே?"

பாண்டீஸ்வரி கேட்டாள். காசிமாயன் கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை. செல்போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார். போனில் தெரிந்தது ஒரு கிண்ணம் குழம்பு. வெறும் குழம்பு. அதைப்போய் ஒரு மனுசன் இம்புட்டு நேரமா பார்ப்பார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சிம்மக்கல்லில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்கள் ஆபீஸ். போலீசில் ஏட்டாக இருந்து வேலையை உதறிவிட்டு வந்த காசிமாயன், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி, பொண்ணு எப்படி என்று விசாரித்துச் சொல்லும் தொழில் நடத்தி வந்தார். இடையில் காணாமல் போனவர்களையும் தேடிக் கொடுப்பார். பாண்டீஸ்வரி அவருக்கு எல்லாமுமாக இருந்தாள். ஸ்கூட்டி ஓட்டுவாள், ஆள் பிடிப்பாள், தேவைப்பட்டால் கண் சிமிட்டாமல் பொய் சொல்லுவாள். வாயை மட்டும் சும்மா வைத்திருக்க வராது.

எதிரே நாற்காலியின் நுனியில், பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருந்தார் அழகுபாண்டி. திருமங்கலத்துக்கு மேற்கே பருத்தி போடுகிற சம்சாரி. வெயிலில் காய்ந்த உடம்பு. மகள் தாமரைச்செல்வியை ராம்கி என்ற கனடா மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தவர். தாலி கட்டிய சூட்டோடு மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டான். அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிற உரிமை அவனுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. பெண்டாட்டிக்கும் அதே உரிமை கேட்டு, அவனே ஸ்பான்சர் நின்று மனுப் போட்டான். மனு பாஸாகி, தை மாசம் தாமரை ஊரைவிட்டுக் கிளம்பினாள். மாப்பிள்ளையின் அக்கா காரோடு வந்து, சென்னையில் விமானம் ஏற்றிவிடுகிறேன் என்று கூட்டிப் போனாள்.

அதோடு சரி. இப்போது பங்குனி. மகள் முகத்தை அழகுபாண்டி இன்னும் பார்க்கவில்லை. குரலையும் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுத்து வரும், பனி கொட்டுகிற படம் வரும், சமைத்த படம் வரும். கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். கேமரா கெட்டுப்போச்சு, சிக்னல் இல்லை என்று எழுதுவாள்.

"அவ ஆத்தாதான் கண்டுபிடிச்சா" என்றார் அழகுபாண்டி. "படத்தப் பாத்துட்டு, 'எம்புள்ள ஏன் தாளிக்காமக் கொழம்பு வைக்கிறா'ன்னு ஒரே அழுக. தாளிக்காததுக்கா அழுவாங்க, கிறுக்குப் பொம்பளன்னு நான் வைஞ்சேன். ஆனா எனக்கும் மனசு சரியில்ல சார்."

"அங்க தாளிச்சா பொகை மணி அடிக்கும்ணே" என்றாள் பாண்டீஸ்வரி. "என் சித்தி மக சிங்கப்பூர்ல சொல்லியிருக்கா. கடுகு வெடிச்சா ஃபயர் எஞ்சின் வந்துருமாம்."

காசிமாயன் போனில் விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். "இது மாசி மாசம் அனுப்புன எலுமிச்ச சாதம். கடுகு கெடக்கு, கடலப் பருப்பு கெடக்கு, கருவேப்பிலை கெடக்கு. இது அவரைக்காய். இதுலயும் கெடக்கு. போன வாரம் செவ்வாக்கெழமைக்குப் பெறகு பாரு. கொழம்பு, ரசம், கீரை. ஒண்ணுலயாச்சும் கடுகு இருக்கா?"

"இல்ல."

"பொகை மணிய போன செவ்வாக்கெழமைதான் மாட்டுனானா?"

பாண்டீஸ்வரி போனை எட்டிப் பார்த்துத் தேதியைச் சரிபார்த்தாள்.

காசிமாயன் அழகுபாண்டியிடம் திரும்பினார். "ஐயா, ஒங்க ஊர்ல மாரியம்மனுக்குத் திருவிழாச் சாட்டியிருக்காங்களா?"

"எங்களுக்கு வைகாசியிலதான் சார்."

"சாட்டிக் காப்புக் கட்டிட்டா வீட்டுல என்ன செய்ய மாட்டீக?"

அழகுபாண்டியின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "தாளிக்க மாட்டோம் சார். எண்ணெய்ச் சட்டியே வைக்க மாட்டோம். ஆத்தாவுக்கு ஆகாது."

"கனடாவுல எந்த மாரியம்மனுக்குய்யா போன செவ்வாக்கெழம காப்புக் கட்டுனாங்க?"

அழகுபாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் கடல் தாண்டியே போகவில்லை என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அந்த மனுசன் பார்த்த பார்வையைப் பாண்டீஸ்வரியால் பார்க்க முடியவில்லை.

"மாப்ள அக்காவை எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு?"

"பரவைக்கு அங்கிட்டுன்னு சொல்லுவாங்க சார். ஊர் பேரு தெரியாது. நாங்க போனதில்ல. எல்லாம் திருமங்கலத்து மண்டபத்தோட முடிஞ்சு போச்சு."

"பொண்ணோட பாஸ்போர்ட்டை நீங்க கண்ணால பாத்தீகளா?"

அழகுபாண்டி தலையைக் குனிந்தார். "அதெல்லாம் அவுகளே பாத்துக்கிட்டாங்க சார்" என்றார். சொல்லும்போது துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். எதையோ முழுங்குகிறார் என்று பாண்டீஸ்வரிக்குப் பட்டது. காசிமாயனுக்கும் பட்டிருக்கும். ஆனால் அவர் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போயி இருங்கய்யா. போன் அடிச்சா எடுங்க. ஏத்தா, வண்டிய எடு."

"இந்த வெயில்லயாண்ணே?"

"காப்புக் கட்டும்போது ஊருக்குள்ள இருக்கிறவுக, அவுக்குற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. மீறிப் போனா ஊரே என்ன ஏதுன்னு கேக்கும். இந்த ஒரு வாரமா அந்தப் புள்ளய அவங்க எங்கயும் நகத்தாம வச்சிருக்கிறதுக்கு அதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. செவ்வா காப்புன்னா மறு புதன்ல அவுப்பாங்க. இன்னைக்கு என்ன கெழம?"

பாண்டீஸ்வரி படியில் இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

புதன்கிழமை.

*

பரவை மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்து, அழுகின தக்காளி வாடை அடித்தது. லாரிக்கு அடியில் லோடுமேன்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். காசிமாயன் நேரே வாசலோரத்தில் கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனார்.

"கேட்டா போலீஸ் ஸ்டேஷன்ல கேளுங்க, பஞ்சாயத்து ஆபீஸ்ல கேளுங்க. கருவேப்பிலைக்காரம்மாகிட்டயா துப்புக் கேப்பாங்க?" என்று முணுமுணுத்தாள் பாண்டீஸ்வரி.

"தாளிக்காத ஊருக்குக் கருவேப்பிலை எதுக்குத்தா?" என்றார் அவர். அந்தம்மா பக்கம் குனிந்தார். "என்னக்கா, யாவாரம் மந்தமா?"

"அட ஏன்யா கேக்குற. ஒத்தவேம்புபட்டிக்காரங்க ஒரு வாரமா வாங்கல. காய் வாங்குறவுகளுக்குக் கொசுறா நீட்டுனாக்கூட கையத் தட்டி விடுறாங்க. சாமி கும்புடுறாங்களாம். இன்னைக்கு மொளப்பாரி கரைக்குறாங்க. நாளைக்கு வந்து அள்ளிட்டுப் போவாங்க பாரு."

ஸ்கூட்டி திண்டுக்கல் ரோட்டை விட்டு மேற்கே திரும்பியபோது பாண்டீஸ்வரி தலையைத் திருப்பாமல் சொன்னாள். "அண்ணே, ஒங்களக் கட்டுன மதினி பாவம்ணே. கொழம்புல உப்பு கொறஞ்சா, நேத்து யாரு வந்துட்டுப் போனாங்கன்னு கண்டுபிடிச்சிருவீக போல."

அவர் சிரிக்கவில்லை. சின்னப் பகடிக்குக்கூட 'ம்' கொட்டுகிற மனுசன்.

"ஏண்ணே, அவ ஏன் பொய் எழுதுறா? கையில போன் இருக்கு. அப்பா, நான் இங்க இருக்கேன்னு ஒரு வார்த்த எழுதக் கூடாதா?"

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு வாரேன். கட்டிப்போட்டு எழுத வச்சா, எலுமிச்ச சாதம் பண்ணிப் படம் புடிச்சு அனுப்ப மாட்டா. மனசாரத்தான் அனுப்பியிருக்கா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

ரெண்டு பக்கமும் கருவேல மரம். கண்மாயில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் ஒரு குட்டை மினுங்கியது. ஊருக்குள் நுழையும் இடத்தில் வேப்பிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு தொங்கியது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் கோயில் பக்கம். கொட்டுச் சத்தமும் குலவைச் சத்தமும் விட்டு விட்டு வந்தன. வீட்டு வாசல்களில் கட்டியிருந்த ஆடுகள் மட்டும் அவர்களைப் பார்த்தன.

ராம்கி அக்கா வீடு எது என்று கேட்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரில் எல்லா வீடும் திறந்து போட்டபடி கிடந்தது. திருவிழா நாளில் யார் பூட்டுவார்கள்? தெருக்கோடியில் இருந்த மாடி வீடு மட்டும் சாத்தியிருந்தது. கிட்டப் போனபோதுதான் பாண்டீஸ்வரி கவனித்தாள். பூட்டவில்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. ஆள் இருக்கும்போது வெளியே தாழ்ப்பாள் போடுவதற்கு, நல்ல காரணம் ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

காசிமாயன் தாழ்ப்பாளை நீக்கினார்.

*

கூடத்தில் ஒரு பெண் புதுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மஞ்சள் காப்பு. பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டின பெரிய சூட்கேஸ். கதவு திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தவள், ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"யாரு நீங்க? மதினி கோயிலுக்குப் போயிருக்காங்க."

"தாமரைச்செல்வியா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஐயய்யோ" என்றாள் அந்தப் பெண். பயந்தது அவர்களைப் பார்த்து இல்லை. தன் பேரைக் கேட்டு. "நான் இங்க இருக்கேன்னு யாருகிட்டயும் சொல்லிறாதீங்கக்கா. ஃபைலு கேன்சல் ஆயிரும்."

"எந்த ஃபைலு?"

"என் பிஆர் ஃபைலு, கனடாவுல நிரந்தரமா இருக்கிறதுக்கு. தை மாசம் சென்னைக்குப் போனப்ப ஏதோ ஒரு கையெழுத்து நின்னு போச்சுன்னு ஏர்போர்ட்டு வாசலோட திருப்பிக் கூட்டியாந்துட்டாங்க. மறுபடி வர்ற வரைக்கும் இங்க இருக்கச் சொன்னாரு. இந்தியாவுலதான் இருக்கேன்னு வெளிய தெரிஞ்சா மொத்தமா தள்ளுபடி பண்ணிருவாங்களாம்."

"அதுக்காக ஒங்கப்பாகிட்டயே கனடாவுல இருக்கேன்னு எழுதுனியா? பேசாம வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

"எப்படிக்கா போறது?" என்றாள் தாமரை. "பஸ் ஸ்டாப்புல என் போட்டோ போட்டு ஃபிளக்ஸு கட்டியிருக்காங்க. கனடா செல்லும் எங்கள் தங்கமேன்னு. கெடா வெட்டிச் சோறு போட்டாங்க. ஊரே கார் பின்னாடி நடந்து வந்துச்சு. மறுநாளே அதே ஃபிளக்ஸுக்குக் கீழ நான் பஸ்ஸ விட்டு எறங்கணுமா? எங்கப்பா நாண்டுக்கிட்டு நிப்பாரு."

பாண்டீஸ்வரிக்கு விளங்கியது. இந்தப் பிள்ளையை அடைத்து வைத்தது வெளித்தாழ்ப்பாள் இல்லை. இன்றைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டதால்தான் அதற்கே அவசியம் வந்திருக்கிறது.

"இப்ப எங்கம்மா கிளம்பியிருக்க?" காசிமாயன் தணிந்த குரலில் கேட்டார்.

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அவரே கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. மாமா. லீவு போட்டுட்டு வந்திருக்காரு. இன்னைக்குக் காப்பு அவுத்ததும் கார்ல ஏர்போர்ட்டு."

"பெட்டி கட்டி வச்சிருக்க போல."

"ஊறுகா, வத்தல், மதினி இடிச்சுக் குடுத்த பொடி. ஆனா மாமா பெட்டி வேணாம்னுட்டாரு. இங்கயே இருக்கட்டும், பின்னாடி அனுப்பச் சொல்லுறேன்னாரு."

காசிமாயனும் பாண்டீஸ்வரியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாடு போகிற ஆள், தராசில் நிறுத்து நிறுத்து, கடைசி அப்பளத்தைக்கூடச் சொருகிக்கொண்டு போவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கட்டின பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்லுகிற புருசனை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள். போகிற இடத்தில் பெட்டிக்கு வேலை இல்லை. அங்கே போகிறவள் உயிரோடு இருக்கப்போவதும் இல்லை.

"பாஸ்போர்ட்டுல ஒன் போட்டோ நல்லா வந்திருக்கா?" என்றார் காசிமாயன், சும்மா கேட்பது போல.

"நான் பாக்கலையே. போட்டோ எடுக்கிற அன்னைக்கு எனக்கு அம்மை பாத்திருந்துச்சு. வேப்பெலையில படுத்திருக்கிறவ வாசப்படி தாண்டலாமா? ஆத்தா குத்தமாயிரும்ல. தேதிய விட்டா லேட்டாயிரும்னு, எனக்குப் பதிலா அவுக சொந்தத்துல ஒரு அக்கா என் ஆதாரை எடுத்துட்டுப் போயி உக்காந்துட்டு வந்துச்சு. அப்பாவும் சரின்னுட்டாரு. ஆதார் போட்டோவுலதான் யாரப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்ல?"

அழகுபாண்டி துண்டைத் திருகினது இதற்குத்தான்.

"பெறகு கைரேகை வைக்க, ஒடம்பு பரிசோதிக்க?"

"எல்லாத்துக்கும் அந்த அக்காவே போயிட்டு வந்துச்சு. பாஸ்போர்ட்டுல இருக்கிற மொகந்தானே போகணும்? கடைசியில சரி பண்ணிக்கலாம்னு சொன்னாங்க."

காசிமாயன் பாண்டீஸ்வரி பக்கம் கையை நீட்டினார். அவர் எதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, போனில் இருக்கிற ஒரு படத்தை. நாகமலை புதுக்கோட்டையில் முத்திருளன் என்று ஒருத்தர். அவர் மனைவி ஜெயக்கொடியைத் தை மாசத்திலிருந்து காணோம். விவாகரத்துக் கேட்டுச் சண்டை போட்டவள், இவர் தர முடியாது என்றதும் ஒருநாள் மாயமாகிவிட்டாள். தேடித்தரச் சொல்லி காசிமாயனிடம் படம் கொடுத்திருந்தார். இவர்கள் தேடாத லாட்ஜ் இல்லை.

பாண்டீஸ்வரி போனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள்.

"இந்த அக்காதான்!" என்றாள் தாமரை. "ஜெயா அக்கா. ஒங்களுக்கும் தெரியுமா?"

தூரத்தில் குலவைச் சத்தம் நெருங்கி வந்தது.

"தாமரை" என்றார் காசிமாயன். "ஒன் ஃபைலு நிக்கல. தை மாசமே பாஸாகி, அந்த ஜெயக்கொடி ஒன் பேருல ஏறிப் போயி, ஒன் புருசன் வீட்டுல குடும்பம் நடத்திட்டு இருக்கா. அவளுக்கு விவாகரத்து ஆகல. ஆகாதவளுக்கு அவன் ஸ்பான்சர் நிக்க முடியாது. அதனால ஒன்னயக் கட்டிக்கிட்டு, ஒன் பேர எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டான். இப்ப அங்க ஒரு தாமரைச்செல்வி இருக்கா. இங்க ஒரு தாமரைச்செல்வி இருக்கா. ரெண்டு பேரு இருக்க முடியாதும்மா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சூட்கேஸைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல. நீங்க யாரோ ஏவிவிட்ட ஆளுங்க. என் ஃபைலைக் கெடுக்க வந்திருக்கீங்க. மாமா சொன்னாரு, பொறாமைக்காரங்க வருவாங்கன்னு."

வெளியே கார் வந்து நின்றது.

*

ராம்கி பார்க்க லட்சணமாக இருந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. உள்ளே ரெண்டு அந்நிய ஆட்களைப் பார்த்தும் முகம் மாறவில்லை. அதுதான் பாண்டீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

"தாமரை, கார்ல ஏறு. நேரமாச்சு."

"காப்பு அவுக்கலையே மாமா?"

"வழியில அவுத்துக்கலாம். ஏறு."

அவள் கிளம்பிவிட்டாள். பாண்டீஸ்வரி கையைப் பிடித்ததை உதறிவிட்டு, கைப்பையோடு படி இறங்கிக் கார்ப் பக்கம் நடந்தாள். பெட்டி கூடத்திலேயே கிடந்தது. பாண்டீஸ்வரி காசிமாயனைப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்கண்ணே என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் முளைப்பாரி திரும்பியது. முன்னால் கொட்டு, பின்னால் தலையில் பச்சைப் பசேலென்று பாரி ஏந்தின பெண்கள், அதற்குப் பின்னால் ஊர். கண்மாய்க்குப் போக அந்த ஒரு தெருதான் வழி. கார் நடுவில் நின்றது. கூட்டம் வந்து காரைச் சுற்றி நின்றுவிட்டது. பாரி சுமந்தவர்களில் ராம்கியின் அக்காவும் இருந்தாள். தாழ்ப்பாள் திறந்து கிடப்பதைப் பார்த்து அவள் முகம் செத்துப்போனது.

தாமரை ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்தாள்.

காசிமாயன் கையைத் தூக்கினார். கொட்டு நின்றது. ஏட்டாக இருந்த காலத்துக் குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. சொல்லிட்டுக் கெளம்புங்க. இந்தப் புள்ள ஒங்களுக்கு என்ன வேணும்?"

ராம்கி சிரித்தான். "இது என்ன கேள்வி?"

"சுலபமான கேள்விதான? ஊரு கேக்க ஒருவாட்டி சொல்லுங்க."

ராம்கி கூட்டத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான். அப்போதுதான் பாண்டீஸ்வரிக்கு விளங்கியது. அண்ணன் கேட்டது கேள்வி இல்லை, எலிப்பொறி. எந்தப் பக்கம் போனாலும் கதவு விழும்.

"நானே சொல்லுறேன்" என்றார் காசிமாயன். "சம்சாரம்னு சொன்னா, தை மாசம் இவ பேருல பிளேன் ஏறி ஒங்க வீட்டுல போயி எறங்குனது யாருன்னு கேப்பேன். முத்திருளன் பொண்டாட்டிய எங்கன்னு அவரும் கேப்பாரு. சம்சாரம் இல்லன்னு சொன்னா, அடுத்தவன் வீட்டுப் பொண்ண, அதுவும் கையில காப்போட, எதுக்குக் கார்ல ஏத்துறன்னு இந்த ஊரு கேக்கும். எது வசதி?"

ராம்கி அக்காவைப் பார்த்தான். காரைப் பார்த்தான். முத்திருளன் பேரைக் கேட்டதிலிருந்து அவன் நெற்றி வேர்த்துவிட்டது. தாமரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இன்னும் நம்பிக்கை இருந்தது. ஒரு வார்த்தை. சம்சாரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இன்னொரு காலையும் உள்ளே வைத்திருப்பாள்.

"இது யாருன்னே எனக்குத் தெரியாது சார்" என்றான் ராம்கி. "அக்கா வீட்டுல ஒத்தாசைக்கு இருக்கிற பொண்ணு. பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடச் சொன்னாங்க."

"மாமா?" என்றாள் தாமரை.

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் காருக்குள் இருந்த காலை வெளியே எடுத்தாள். ரொம்ப மெதுவாக, பள்ளத்தில் வைத்த காலைத் தூக்குகிற மாதிரி எடுத்தாள். எடுத்துத் தரையில் ஊன்றி நின்றாள். கார் டிரைவர் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, "வாடகை வண்டிங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கூட்டத்தோடு நின்றுகொண்டான். ரெண்டு இளவட்டங்கள் வந்து காருக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள்.

ராம்கி பயந்ததாகத் தெரியவில்லை. காசிமாயன் கிட்டத்தில் வந்து, அவருக்கும் பாண்டீஸ்வரிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "போலீசக் கூப்பிடுங்க. தாமரைச்செல்வி கனடாவுல இருக்கா சார். ஏர்போர்ட்டுல முத்திரை இருக்கு, ரேகை இருக்கு. தெனமும் வேலைக்குப் போயிட்டு வாரா. இவ யாருங்கிறதுக்கு ஒங்ககிட்ட என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுக் கார் கதவில் சாய்ந்து நின்றான்.

காசிமாயன் ஸ்டேஷனுக்குப் பேசிவிட்டு வந்தார். "ஆதார்ல இவ ரேகை இருக்கு. அது கோர்ட்டுல நிக்கும். ஆனா அதுக்கு மாசக்கணக்காகும். அவங்கிட்ட காகிதம் இருக்கு, நம்மகிட்ட இல்ல. ஸ்டேஷன் வண்டி வந்து நிக்கிறப்ப, இவதான் தாமரைன்னு சொல்ல ஆளு வேணும். ஒருத்தர் ரெண்டு பேர் பத்தாது. அப்பன் சொன்னா அப்பன் சொல்லத்தான செய்வான்னு தட்டிவிட்டுருவான். போனப் போட்டு அந்தப் புள்ள கையில குடு."

பாண்டீஸ்வரி அழகுபாண்டி நம்பரைப் போட்டு நீட்டினாள். தாமரை வாங்கினாள். ஸ்பீக்கரில் மணி ஒருதரம்கூட முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்.

"அப்பா."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்து உருண்டது.

"அப்பா, நாந்தான்."

"தாமரையா?" காலையில் ஆபீசில் கேட்டதெல்லாம் அவருக்கு மறந்துபோனது. "அங்க இப்ப ராத்திரியாச்சேம்மா. தூங்கலையா நீ?"

தாமரை உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுற்றி நின்ற பெண்கள் பாரியை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கனடா இல்லப்பா. நான் போகவே இல்ல. பரவைக்குப் பக்கத்துல ஒத்தவேம்புபட்டியில இருக்கேன்."

அழகுபாண்டி குரலைத் தாழ்த்தினார். ரகசியம் சொல்லுகிற குரலில், சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர் போலப் பேசினார். "நான் மட்டும் வாரேம்மா. யாருகிட்டயும் சொல்லல. இருட்டினதுக்குப் பெறகு பைக்குல கூட்டிட்டு வந்துர்றேன். ஒருத்தருக்கும் தெரியாது. வெளிய தெரியாம வீட்டுக்குள்ள இருந்துக்கலாம். நீ பயப்படாத."

தாமரை ராம்கியைப் பார்த்தாள். அவன் கறுப்புக் கண்ணாடியில் வேப்பிலைத் தோரணமும் கூட்டமும் தெரிந்தன. புறங்கையால் கண்ணை ஒருதரம் துடைத்துக்கொண்டு, போனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தாள்.

"தனியா வராதீங்கப்பா. இருட்டுற வரைக்கும் காத்திருக்காதீங்க. லாரி பிடிங்க, டிராக்டர் பிடிங்க. என்னைய வழியனுப்ப வந்தவுக அம்புட்டுப் பேரையும் ஏத்திக்கிட்டு, ஊரோட வாங்க."